கொண்டலின் மூன்றாவது விமானம்

மார்ச் 3, செவ்வாய்

வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், இதற்கு யாரும் மார்க் போடப் போவதில்லை. சும்மா படுத்திருந்தால் மண்டைக்குள் ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். தூத்துக்குடியில் கொண்டல் ஏர் கார்கோ என்று ஒரு சின்னச் சரக்கு விமானக் கம்பெனி. அதில் நான் கேப்டன் ஜெபக்கனி, ஒன்பது வருஷமாக. விடியற்காலையில் கரைக்கு வரும் மீனையும் இறாலையும் சென்னைக்குக் கொண்டுபோய், வெளிநாடு போகும் பெரிய விமானங்களுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. பறக்கும் மீன்கடை என்று ஊரில் கேலி செய்வார்கள். கம்பெனிக்கு மூன்று விமானங்கள் இருந்தன. போன செப்டம்பரில் ஒன்று கிளம்பிய கையோடு ஓடுபாதைக்கு அப்பால் உடைமரக் காட்டில் விழுந்து எரிந்தது. அதில் கேப்டன் ஐசக் அண்ணனும் துணை விமானி இம்ரானும் போய்விட்டார்கள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி இரண்டாவது விமானம் குளத்தில் விழுந்தது. அதை ஓட்டியது நான்.

குளத்துச் சேறு தாங்கிக்கொண்டதால் பிழைத்தோம். எனக்கு மணிக்கட்டு, துணை விமானி கிஷோருக்குத் தலையில் அடி. அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை. எனக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. தரையை விட்டு எழும்பியதும் விமானத்தின் மூக்கு தானாக மேலே போனது. அதை இறக்க, கையிலிருந்த ஸ்டிக்கை நான் முன்னால் தள்ளினேன். அது கேட்கவில்லை. அல்லது நான்தான் முதலில் அதிகமாக இழுத்துவிட்டேனா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். இரண்டு கையும் உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 4, புதன்

கட்டுக்குள் ஒரே அரிப்பு. ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் சொறிந்தேன். டாக்டரிடம் சொல்லக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

விசாரணை அதிகாரி வந்திருந்தார். குல்கர்னி என்று பெயர். புனேக்காரர், நல்ல மனிதர், சிரிக்கவே மாட்டார். கருப்புப் பெட்டியில் பேச்சு மட்டும்தான் தேறியதாம், மற்றதைக் குளத்துத் தண்ணீர் கெடுத்துவிட்டது. என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். "தள்ளுறேன், கேக்கல, கேக்கல" என்று ஒரு பொம்பளை கத்துகிறாள். நான்தான் அது. சரக்கு எடை சரியாக இருந்ததா என்று கேட்டேன். மறுநாள் குளத்திலிருந்து எடுத்த பெட்டிகளை எடை போட்டார்களாம், தண்ணீர் வடித்துப் பார்த்தால், சரக்கு எடையை எழுதும் லோடு ஷீட்டில் உள்ளதற்கு மேல் ஒரு கிலோகூட இல்லையாம். எங்கள் முதலாளியின் தராசு பொய் சொல்லாது என்று ஊருக்கே தெரியும் என்றேன். அப்படியானால், என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாம்ராஜ் தன் பேக்கரியிலிருந்து மக்ரூன் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் முந்திரியும் முட்டை வெள்ளையும்தான் மருந்து. கல்யாணமானதிலிருந்து இதே வைத்தியம்தான், சில சமயம் கேட்கவும் செய்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

கோவிலுக்குப் போனோம். எனக்காக ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் மூன்று பேர் வந்து, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஐசக் அண்ணன் ஆம்பளைதானே, அவரும்தானே விழுந்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவரை அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் பக்கத்து இருக்கையைக் கொடுத்தவர் அவர். அவர் அதிகமாக இழுக்கிற ஆளே இல்லை. சூடான டீ டம்ளரைத் தூக்குகிற மாதிரி நிதானமாகத்தான் தூக்குவார்.

துணி காயப்போட மாடிக்குச் சாம்ராஜ்தான் போகிறார். எனக்குக் கை சரியில்லை. ஒற்றைக் கையால் கொடியில் எப்படிப் போடுவது?

மார்ச் 21, சனி

இன்னும் இரண்டு பைலட்டுகள் ராஜினாமா. ராசியில்லாத கம்பெனி என்று ஒருவன் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுப் போனான். மீன் ஏற்றுமதிக்காரர்களில் பாதிப் பேர் லாரிக்கு மாறிவிட்டார்கள். மிச்சமிருக்கிற மூன்றாவது விமானத்தை ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு. எஞ்சினுக்கு உறை மாட்டி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. விமான நிலையத்துக்குப் பஸ் வசதி சரியில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எங்கள் முதலாளி ஸ்தனிஸ்லாஸ் மச்சாடோ. அப்பா காலத்திலிருந்து மீன் வியாபாரம், இவர் காலத்தில் விமானம். நாற்பது குடும்பம் அவரை நம்பி இருக்கிறது. காப்பி ஆறுகிற வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இது. பைலட் தவறு என்று முடிந்தால், புது பைலட்டுகளை வைத்துக் கம்பெனி மறுபடி பறக்கலாம். கம்பெனி தவறு என்றால் லைசென்ஸ் மொத்தமும் போகும். என்னை எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கோங்க கேப்டன்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 27, வெள்ளி

ஹாலில் ஃபேன் போட்டால் சத்தம் அதிகமாக இருக்கிறது. அணைத்துவிட்டு விசிறியால் வீசிக்கொண்டேன். ஃபேனுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றேன். சாம்ராஜ் எண்ணெய் விட்டார். சத்தம் குறையவில்லை என்றேன். சத்தமே வரலியே கனி என்றார்.

ஏப்ரல் 1, புதன்

முட்டாள்கள் தினத்தில்தான் வர வேண்டுமா? விசாரணையின் முதல் கட்ட அறிக்கை வந்துவிட்டது. இரண்டு விபத்துக்கும் ஒரே காரணம்: விமானி மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியிருக்க வாய்ப்பு அதிகம். பதில் சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். என்ன பதில் சொல்ல? இறந்துபோன மனிதரையும் என்னையும் ஒரே வரியில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

இதற்கு மேல் இன்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 4, சனி

கட்டுப் பிரித்தார்கள். கை முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. இது என் வலது கையால் எழுதும் முதல் வரி.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

அறிக்கைக்குப் பதில் எழுதும் முன் அண்ணாச்சியிடம் நேரில் பேசலாம் என்று மீன்பிடித் துறைமுகத்திலுள்ள எங்கள் ஷெட்டுக்குப் போனேன். அவர் வங்கிக்குப் போயிருந்தார். சரக்கு மேஸ்திரி சூசை அண்ணன் மட்டும் சென்னைக்குப் போகும் லாரிக்கு மீன் எடை போட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டுச் சுவரில், அண்ணாச்சியின் அப்பா காலத்தில் பெரிய எழுத்தில் எழுதிய வாசகம் இன்னும் இருக்கிறது: ஐஸ் எடையில் சேராது. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். மற்ற வியாபாரிகள் ஐஸையும் மீன் என்று எடை போட்டு விற்ற காலத்தில், இந்தக் குடும்பம் மட்டும் அதைச் செய்யவில்லை. அந்தப் பெயரில்தான் இன்றுவரை வியாபாரம் ஓடுகிறது.

நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சீலா மீன் பெட்டியில் ஏறியது. தராசில் ஏறியது. சீட்டில் எடை ஏறியது. பெட்டி தராசிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஒருவர் மண்வெட்டியால் ஐஸை அள்ளிப் பெட்டி நிறையப் போட்டு மூடினார். அடுத்த பெட்டி. அதற்கும் அப்படியே. நான் எழுந்து நின்றேன்.

பிளேனுக்குப் போகிற பெட்டிக்கும் இப்படித்தானா என்று சூசை அண்ணனிடம் கேட்டேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "பின்னே? எடை போட்ட பெறகுதானம்மா ஐஸு. முந்தியே போட்டா அது களவாணித்தனம்லா?"

மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெட்டியில் போடுவது மட்டும்தானா? இல்லையாம். விமானம் கிளம்பத் தாமதமானால், வெயிலில் மீன் கெட்டுவிடாமல் மூடியைத் திறந்து மறுபடி போடுவார்களாம். சென்னையில் இறக்கியதும் மேலே போடுவதற்கென்று தனியாக ஐஸ் மூட்டைகளும் ஏற்றுவார்களாம். அவற்றை எங்கே வைப்பீர்கள் என்றேன். "கதவுப் பக்கந்தான். எறங்குன ஒடனே கைக்கு எட்டணும்லா" என்றார். எங்கள் விமானத்தில் சரக்குக் கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாமதம் எவ்வளவு அதிகமோ, வாலில் அவ்வளவு மூட்டை. வால் கனத்தால் மூக்கு தானாக மேலே போகும்.

பிப்ரவரி பத்தொன்பது அன்று சென்னையில் பனிமூட்டம். இங்கே வெயிலில் காத்துக் கிடந்தோம். நான் ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், வெளியே சூசை அண்ணன் என் விமானத்தின் வாலில் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐசக் அண்ணன் விழுந்த அன்று? சென்னையில் மழை. அன்றும் தாமதம்.

லோடு ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறக்கிற எங்களுக்கு, எடை என்றால் எல்லாம் சேர்ந்த எடை. அதை எழுதுகிற ஷெட்டுக்காரர்களுக்கு, எடை என்றால் மீனின் எடை. ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியே வைத்திருந்தும் கேட்கவில்லை. பிறகு வந்த அதிகாரிகளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு விமானத்து ஐஸ் தீயில் போனது, இன்னொன்றின் ஐஸ் குளத்தில் கரைந்தது. மிச்சமிருந்தது மீன் மட்டும். அதன் எடை அண்ணாச்சியின் வாக்கு மாதிரி துல்லியமாக இருந்தது.

சூசை அண்ணனிடம் எதற்குக் கேட்டேன் என்று சொல்லாமல் வந்துவிட முடியவில்லை. சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்தார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் ஆறுதலாக ஏதோ சொன்னேன், என்னவென்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. நான் இழுக்கவில்லை. ஐசக் அண்ணன் இழுக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். சுவரில் உள்ள எழுத்தைப் பார்த்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரியும், இதை வெளியே சொன்னால் அது பைலட் தவறு இல்லை, கம்பெனி தவறு. அவர் சொல்லாவிட்டால் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. தன் தலையைக் காப்பாற்ற முதலாளி மேல் பழி போடுகிறாள் என்பார்கள். உருகிப்போன ஐஸுக்குச் சாட்சி யார்?

ஏப்ரல் 10, வெள்ளி

அண்ணாச்சியின் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது, ஏற்றிக் காட்ட மீனும் கிடைக்காது. அதற்குள் எதையாவது காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அறிக்கை இப்படியே முடிந்துவிடும். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். சாம்ராஜ் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

ஏப்ரல் 11, சனி

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார். அண்ணாச்சி. சவரம் செய்யாத முகம். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, வாசற்படியிலேயே நின்று பேசினார். மூன்று நாளும் மணப்பாட்டில் அக்கா வீட்டில் இருந்தாராம். சோறு இறங்கவில்லையாம். அந்தச் சுவரில் எழுதியபோது அவருக்குப் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் வயசாம்.

"நாணயத்துக்குன்னு எழுதி வச்சது ரெண்டு உயிர எடுத்துட்டு. அத மறச்சா எங்க அப்பா எழுதுனதுக்கு என்ன அர்த்தம்? அந்த அதிகாரிக்கு ஃபோனப் போடுங்க. நான் பேசுதேன்."

கம்பெனி போய்விடுமே அண்ணாச்சி என்றேன். போனாப் போகட்டும், மீன் இருக்கு, தராசு இருக்கு என்றார். வாயில் பேஸ்ட் நுரையோடு நான் அழுததைப் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். இன்னும் ஒரு வாரத்துக்கு அவருக்கு அதுதான் தொடர்கதை.

ஏப்ரல் 13, திங்கள்

குல்கர்னி வந்தார். வார்த்தையில் நம்ப மாட்டேன், செய்து காட்டுங்கள் என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது விமானத்தின் உறையைக் கழற்றினார்கள். சக்கரங்களுக்கு அடியில் விமானத்தை எடை போடும் தட்டுகள். வால் தரையில் மோதிவிடாமல் அடியில் மணல் மூட்டைகள். பிப்ரவரி மாதிரியே அதே அளவு மீன் வந்தது, அதே லோடு ஷீட். தாமதமான நாளில் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று ஆட்களிடம் அண்ணாச்சி சொன்னார். சூசை அண்ணன் அப்படியே செய்தார். வெயில் ஏற ஏற மூடிகள் திறந்தன, ஐஸ் விழுந்தது. கடைசியில் கதவோரம் மூட்டைகள் ஏறின. அவற்றைத் தூக்கும்போது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

விமானி இருக்கைகளில் ஆள் வேண்டும் என்றார் குல்கர்னி. கிஷோர் உடனே ஏறினான். நானும் ஏறினேன். படிக்கட்டு ரொம்பச் சூடாக இருந்ததால் கொஞ்சம் நின்று ஏற வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததும் உள்ளங்கை வேர்த்தது. உள்ளே ஏசி ஓடவில்லை, வேர்க்கத்தானே செய்யும்.

கீழே குல்கர்னி மூக்குச் சக்கரத்தின் தட்டைப் பார்த்தார். லோடு ஷீட்டைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். மூக்கின் மேல் இருக்க வேண்டிய பாரத்தில் ஒரு சிறு பங்குதான் அங்கே இருந்தது. கிஷோரை இறங்கச் சொன்னார். அவன் இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை. என்னை இறங்கச் சொன்னார்.

கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு முனகல் சத்தம். திரும்பிப் பார்த்தால் விமானத்தின் மூக்கு மெதுவாக, தானாக, மேலே போய்க்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. எஞ்சின் ஓடவில்லை. இறைவா, யாரும் இழுக்கவில்லை! மூக்குச் சக்கரம் தட்டை விட்டுக் காற்றில் தொங்க, வால் மணல் மூட்டை மேல் போய் உட்கார்ந்தது, பந்தியில் முதல் ஆளாக உட்கார்கிறவனைப் போல.

அண்ணாச்சி தொப்பியைக் கழற்றினார். பிறகு குல்கர்னியிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, அது போதாமல் என் பக்கம் திரும்பினார். "தப்பு என் ஷெட்டோடது, ஓட்டுனவங்களோடது இல்லன்னு சொல்லுங்க. எழுதிக்கிடச் சொல்லுங்க. எங்கன கையெழுத்துப் போடணும்னு கேளுங்க."

நான் மொழிபெயர்த்தேன். குல்கர்னி பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு என்னிடம் கை நீட்டினார். என் முருங்கைக்காய்க் கையைப் பார்த்து, பதமாகப் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். பாளையங்கோட்டைக்குப் போனேன், ஐசக் அண்ணன் வீட்டுக்கு. செப்டம்பருக்குப் பிறகு ஹெலன் அக்காவைப் பார்க்கவே இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் போகவில்லை. இன்று சொல்ல இருந்தது.

நானும் அண்ணாச்சியும் போனோம். அவர்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கைகட்டி நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். ஹெலன் அக்கா திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். எழுந்து உள்ளறைக்குப் போய், யூனிஃபார்மில் அண்ணன் சிரிக்கிற படத்தை எடுத்துவந்தார்.

"வாரவுகல்லாம் இவுகளப் பாத்து உச்சுக் கொட்டுனாக. தாங்க முடியாம உள்ள கொண்டு வச்சேன். கனி, அந்த ஸ்டூல எடு."

நான் ஸ்டூலில் ஏறி ஹாலின் நடுச் சுவரில் மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று அக்கா இரண்டு தடவை திருத்தச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுதார். அண்ணாச்சிக்குக் காப்பி கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தார். அது சரிதான்.

ஏப்ரல் 30, வியாழன்

உத்தரவு வந்தது. லைசென்ஸ் ரத்து இல்லை, நிறுத்திவைப்பு. சரக்கு எடை போடும் முறையை அடியோடு மாற்றி, பரிசோதனையில் தேறினால் தடைக்காலம் முடிந்ததும் பறக்கலாம். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால்தான் இந்த வழி கிடைத்தது என்று அதிலேயே எழுதியிருந்தது. அண்ணாச்சி அந்த வரியை என்னை நான்கு தடவை படிக்கச் சொன்னார்.

மே 6, புதன்

ஐஸ் ஏற்றிக் காட்டிய அன்றிலிருந்து சூசை அண்ணன் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையாலதானம்மா என்றார். அதற்குப் பொய்யாக ஒரு சமாதானம் சொல்ல எனக்கு வரவில்லை. மீன் கெடக் கூடாது என்று செய்தீர்கள், எடை பற்றி உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, நான் உட்பட என்றேன். இனிமேல் விமான ஓரத்தில் தராசு வைக்கப் போகிறார்கள், கதவு மூடுவதற்கு முன் கடைசி எடை போட ஒருவர் வேண்டும், அவர் சரி என்று சொன்னால்தான் நான் கிளம்புவேன், வேறு ஆள் சொன்னால் கிளம்ப மாட்டேன் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். வரும் வழியில் நான் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மே 8, வெள்ளி

சூசை அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். புதுத் தராசை முதல் வேலையாகச் சந்தேகப்பட்டு, தன்னையே அதில் நிறுத்திப் பார்த்தாராம்.

மே 12, செவ்வாய்

சுவரில் உள்ள வாசகத்தை அழித்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி அழிக்கவில்லை. அதன் கீழே அதே அளவு எழுத்தில் இன்னொரு வரி எழுத வைத்தார். இப்போது சுவரில் இப்படி இருக்கிறது: ஐஸ் எடையில் சேராது. விமானத்தில் சேரும்.

மே 19, செவ்வாய். பெங்களூரு

பைலட் மறுபடி பறக்கும் முன் போலி விமானத்தில், சிமுலேட்டரில், தேற வேண்டும். முதல் தடவை தரையை விட்டு எழும்பும் நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் ஏசி அதிகம், கை விறைத்துவிட்டது. சொல்லிக் கொடுப்பவர் ஏசியைக் குறைத்தார். இரண்டாவது தடவையும் நிறுத்தினேன். அவர் ஒன்றும் கேட்காமல் வெளியே போய் டீ வாங்கிவந்தார். மூன்றாவது தடவை தூக்கினேன். அது எழும்பியது. அதன் பிறகு மதியம் வரை அவரை நான் விடவில்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 5, வெள்ளி

இறுதி அறிக்கை. இரண்டு விபத்திலும் விமானிகள் மேல் தவறில்லை. ஐசக் பொன்ராஜ், இம்ரான், கிஷோர், ஜெபக்கனி என்று நான்கு பேர் பெயரும் இருக்கிறது. கொண்டல் பறக்கலாம். சாம்ராஜ் பேக்கரியில் இன்று வந்தவர்களுக்கெல்லாம் மக்ரூன் இலவசம். வியாபாரம் தெரியாத மனுஷன். கட்டிப்பிடித்தேன், கடையில் எல்லோர் முன்னாலும். பொட்டலம் கட்டுகிற பெண்கள் கைதட்டினார்கள்.

ஜூன் 16, செவ்வாய்

தடைக்காலம் முடிந்து படகுகள் நேற்றே கடலுக்குப் போய்விட்டன. முதல் சரக்கு நாளைக்கு. நான்தான் ஓட்டுகிறேன். யூனிஃபார்மை நானே துவைத்து மாடியில் காயப்போட்டேன். மேலே போய் வெகுநேரம் நின்றேன். வானம் நன்றாக இருந்தது.

ஜூன் 17, புதன்

சென்னையில் ஏதோ நெரிசலாம், தாமதம். வேறு என்ன? முதல் நாளே சோதனை.

நான் ஏசி அறைக்குப் போகவில்லை, விமானத்தின் பக்கத்திலேயே நின்றேன். வெயில் ஏறியது. பெட்டிகள் திறந்தன, ஐஸ் விழுந்தது, ஆனால் ஒவ்வொரு பெட்டியும் மறுபடி தராசில் ஏறிவிட்டுத்தான் உள்ளே போனது. கதவை மூடும் நேரத்தில் சூசை அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். பாரம் கூடுதல், வால் பக்கம் உள்ள கடைசி வரிசை இறங்க வேண்டும் என்றார். அந்த வரிசை அண்ணாச்சியின் சொந்த மீன். இறக்கினால் இந்த வெயிலில் கருவாட்டுக்குக்கூட ஆகாது. எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"என் மூஞ்சிய என்னலே பாக்கிய? அவரு சொல்லிட்டாருல்லா, எறக்குங்க" என்றார். இறக்கினார்கள். அவரும் ஒரு பெட்டியைத் தூக்கினார்.

சூசை அண்ணன் என் ஜன்னலுக்குக் கீழே வந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார். நான் எஞ்சினை இயக்கினேன். ஓடுபாதையின் கடைசி தெரிந்தது, அதற்கு அப்பால் அந்தக் குளம் தெரிந்தது. கிஷோர் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் குரலும் சரியாக இல்லை. நேரம் வந்ததும் இழுத்தேன். மூக்கு, நான் கேட்ட அளவுக்கு எழும்பியது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். சொன்ன பேச்சுக் கேட்டுக் கீழே வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி எழும்பியது. குளம் காலுக்கடியில் பளபளவென்று போய்விட்டது. கிஷோர் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். கருப்புப் பெட்டியில் அதுவும் பதிவாகியிருக்கும், கேட்கிறவன் கேட்கட்டும். சென்னை வரை பாடிக்கொண்டே போனேன், எனக்குப் பாடவே வராது.

சாயங்காலம் திரும்பி வந்து இறங்கியபோது, ஷெட்டு ஆட்கள், பேக்கரிப் பெண்கள், பாளையங்கோட்டையிலிருந்து ஹெலன் அக்கா என்று வாசலில் ஒரு திருவிழாக் கூட்டம். அக்கா என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். அண்ணாச்சி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

சாம்ராஜ் எல்லோரும் கலைந்த பிறகுதான் பக்கத்தில் வந்தார். மாலையும் இல்லை, மக்ரூனும் இல்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே, எப்படி இருந்துச்சு என்று கேட்டார்.

"பயமா இருந்துச்சு" என்றேன். "பிப்ரவரியிலேர்ந்தே பயமாத்தான் இருக்கு. நாளைக்கும் நான்தான் போறேன்."